மந்தை வரும் நாள்: சாஹேலில் உழவருக்கும் மேய்ப்பருக்கும் நடுவே அமைதி எங்கே இருக்கிறது?

தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்த வயலில் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காவிரிக் கழிமுகம் வரை வருவார்கள், பகலில் அறுத்த வயலில் மேயும், ராத்திரி யாராவது ஒருவர் வயலில் வலை கட்டி அடைப்பார்கள், விடிந்தால் வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும். அதற்கு வயல்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று சும்மா சொல்லவில்லை. வந்தவர் வேறு ஊர், வேறு சாதி, பேச்சுகூடக் கொஞ்சம் வேறு மாதிரி. ஆனாலும் ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்கு வேண்டும், அதனால் உறவு ஓடியது.

இதே உறவு, இதைவிடப் பத்து மடங்கு பெரிய அளவில், ஆப்பிரிக்காவில் நூற்றாண்டுகளாக இருந்தது. அது முறிந்த இடத்தில்தான் இன்றைக்கு ஊர் ஊராகக் கொலை நடக்கிறது. நிலைத்த வேளாண்மை, உணவுப் பாதுகாப்பு, சமூகங்களுக்கிடையே அமைதி என்று மேடையில் பொதுவாகப் பேசிக்கொண்டே போகலாம், எனக்கு அது ஒட்டுவதில்லை. ஓர் இடத்தை எடுத்து, அங்கே எந்த மாதத்தில் எந்தப் பயிருக்காக யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது.

அந்த இடம் சாஹேல். சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே, அட்லாண்டிக் கரையிலிருந்து செங்கடல் பக்கம் வரை நீளும் வறண்ட பட்டை. செனகல், மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர், நைஜீரியாவின் வடபகுதி, சாட், சூடான் எல்லாம் அதில் வரும். ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடியும் ஒரே மழைக்காலம், மீதி எட்டு மாதம் காய்ந்த காலம். அங்கே முக்கியச் சோறு கம்பு. நம் கம்பங்கூழின் கம்பேதான். அதன் தாய்மண்ணே அந்தப் பகுதிதான், 4000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பயிராகி அப்புறம் கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்தது. சோளமும் தட்டைப்பயறும்கூட ஆப்பிரிக்கா தந்தவைதான். நாம் அவர்களுக்குப் பட்ட கடன் சின்னதல்ல.

அந்தப் பட்டையின் தெற்கு ஓரத்தில் உழவர்கள் கம்பும் சோளமும் போடுகிறார்கள். வடக்கே, கம்புகூட விளையாத காய்ந்த புல்வெளியில் மாடு வளர்ப்பவர்கள். நைஜரிலும் வட நைஜீரியாவிலும் உழவர் என்றால் பெரும்பாலும் ஹவுசா மக்கள், மந்தைக்காரர் என்றால் பெரும்பாலும் ஃபுலானி மக்கள். மாலியின் நடுப்பகுதியில் உழவர்கள் பம்பாரா, டோகோன், மந்தைக்காரர் அதே ஃபுலானி. தொழிலும் இனமும் இப்படி ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடப்பதால், ஒரு மாடு ஒரு கம்பங்கொல்லைக்குள் புகுந்த தகராறு ஒரே வாரத்தில் இரண்டு இனங்களின் பகையாக மாறிவிடும். வெளியிலிருந்து செய்தி படிப்பவருக்கு இனச் சண்டையாகவும் மதச் சண்டையாகவும் தெரிவதில் பலவற்றை நூல் பிடித்துப் போனால் கடைசியில் ஒரு தண்ணீர்க் குட்டையிலோ ஒரு மேய்ச்சல் வழியிலோதான் போய் நிற்கும்.

பழைய ஏற்பாடு இது. மழைக்காலத்தில் மாடுகள் வடக்கே போய்விடும், அங்கே புது மழைக்கு முளைத்த புல் சத்தானது, தெற்கே பயிர் நிற்கும்போது மந்தை பக்கத்திலேயே இருக்காது. மழை நின்று வடக்கே குட்டைகள் வற்றத் தொடங்கினால் மந்தை தெற்கே இறங்கும். அதற்குள் கம்பு அறுத்தாகிவிட்டிருக்கும். வயலில் நிற்கும் தட்டை மாட்டுக்கு, மாடு போடும் சாணம் வயலுக்கு. கிணற்றுத் தண்ணீர் உழவர் தருவார், பால் மந்தைக்காரர் தருவார், கொஞ்சம் கம்பும் கை மாறும். ஒரே உழவர் வீட்டுக்கு ஒரே மந்தைக்காரர் குடும்பம் தலைமுறையாக வந்துபோவதும் உண்டு. சாஹேல் மண் மணல் பாங்கானது, சத்து மிகக் குறைவு, சாணம் விழாத கொல்லையில் கம்பு பேருக்குத்தான் முளைக்கும். ஆக அந்த ஏற்பாடு தயவு தாட்சண்யத்தில் நின்றது இல்லை, தேவையில் நின்றது.

கவனித்துப் பார்த்தால், ஆபத்தான நேரம் வருஷத்துக்கு இரண்டே இரண்டு முறைதான் வருகிறது. ஒன்று, முதல் மழை விழுந்து விதை முளைக்கும் ஜூன் வாக்கில். வடக்கே இன்னும் புல் வளரவில்லை என்றால் மந்தை தெற்கிலேயே தங்கும், எலும்பும் தோலுமாக நிற்கும் மாட்டுக்கு முன்னால் பச்சைப் பசேல் என்று கம்பங்குருத்து. இன்னொன்று செப்டம்பர், அக்டோபரில். வடக்கே குட்டை சீக்கிரம் வற்றிவிட்டால் மந்தை முன்னதாகவே இறங்கும், கதிர் இன்னும் வயலில் நிற்கும். இரண்டு முறையும் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களைக் கடத்திவிட்டால் அந்த வருஷம் சண்டை இல்லை, கடத்த முடியாவிட்டால் அரிவாளும் துப்பாக்கியும்.

இதைப் பெரியவர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். மாலியின் நடுவே நைஜர் ஆறு பரந்து விரிந்து பெரிய வெள்ளச் சமவெளி ஒன்றை உண்டாக்குகிறது. தண்ணீர் ஏறும்போது அது நெல்லும் மீனும், தண்ணீர் இறங்கினால் 'பூர்கு' என்ற சத்தான நீர்ப்புல். 1818இல் அங்கே மாசினா அரசை நிறுவிய சேக்கு அமாது, எந்த மந்தை எந்த வழியாக வர வேண்டும், எங்கே தங்க வேண்டும், யார் முதலில் புல்லுக்குள் இறங்க வேண்டும் என்பதை எல்லாம் சட்டமாகவே வகுத்தார். இன்றும் தியாஃபராபே என்ற ஊரில் ஆயிரக்கணக்கான மாடுகள் ஆற்றை நீந்திக் கடக்கும் நாள் பெரிய திருவிழா, யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இருக்கிறது. அந்த நாள் வருஷா வருஷம் மாறும். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, நெல் அறுத்தாகிவிட்டதா என்று பார்த்து, எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசித்தான் குறிப்பார்கள்.

சரி, இவ்வளவு நன்றாக இருந்தது ஏன் உடைந்தது?

முதலில் வறட்சி. 1968இல் தொடங்கி 1973 வரை நீண்ட பெரும் பஞ்சம், அப்புறம் 1984. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மந்தை இழந்தவர்கள் தெற்கே வந்து உழவரின் மாட்டைக் கூலிக்கு மேய்த்தார்கள், பலர் திரும்பிப் போகவே இல்லை. இன்னொரு பக்கம் மக்கள் தொகை. நைஜர் 1960இல் விடுதலை பெற்றபோது அங்கே 40 லட்சம் பேர்கூட இல்லை, இப்போது இரண்டரைக் கோடிக்கு மேல். உரம் இல்லாத மண்ணில் விளைச்சல் ஏறவில்லை, ஆகவே வாய்க்குச் சோறு வேண்டுமானால் புது நிலத்தைத்தான் உழ வேண்டும். 1961இல் நைஜர் அரசு ஒரு கோடு போட்டது, இதற்கு வடக்கே பயிர் கூடாது, அது மேய்ச்சல் நிலம் என்று. கலப்பை அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது. தெற்கிலும் மந்தைப் பாதைகள் இரண்டு பக்கமும் உழப்பட்டு ஒடுங்கின. நம் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு எப்படிக் காணாமல் போனதோ அப்படித்தான்.

இதில் ஒரு கொடுமை உண்டு. புதிதாக உழப்படுவது பெரும்பாலும் பள்ளமான, ஈரம் தங்கும் நிலம். மந்தைக்காரர் கோடையில் நம்பியிருந்ததும் அதே நிலம்தான். நைஜீரியாவில் ஆற்றோரத் தாழ்நிலத்தை 'ஃபடாமா' என்பார்கள். 1990களில் உலக வங்கிக் கடனில் அங்கே சின்னச் சின்ன நீர்ப்பாசனத் திட்டம் ஒன்று வந்தது, பம்ப் வைத்துக் கோடையிலும் காய்கறி போட்டார்கள், உழவரின் வருமானம் ஏறியது. திட்டம் போட்டவர்கள் நினைத்துப் பார்க்காத ஒன்று, அந்தப் புல்லையும் தண்ணீரையும் நம்பி வந்து போன மந்தைகள். சண்டை கூடியது. அடுத்த கட்டத் திட்டத்தில்தான் மந்தைக்காரர்களையும் மீனவர்களையும் சங்கத்தில் சேர்த்து, பாதையும் தண்ணீர்த் துறையும் ஒதுக்கினார்கள். விளைச்சல் கூடினால் அமைதி தானாக வரும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு கதையைப் படித்தாலே போதும். உணவு உற்பத்தியைப் பெருக்கிக் காட்டிய திட்டமேதான் பக்கத்து ஊர்க்காரரோடு பகையையும் பெருக்கியது.

அப்புறம் தேவையே தேய ஆரம்பித்தது. பருத்தியில் காசு பார்த்த உழவர் தானே மாடு வாங்கினார், தட்டையை அறுத்துச் சேமித்துத் தன் மாட்டுக்கே போட்டார், அல்லது சந்தையில் விற்றார். யூரியா கிடைத்த இடத்தில் அடுத்தவர் மாட்டுச் சாணத்துக்கு முன்போல மதிப்பில்லை. மந்தைக்காரர் பக்கமிருந்து பார்த்தால், போன வருஷம் வரை விருந்தாளி, இந்த வருஷம் அத்துமீறி நுழைந்தவன். எனக்கு இந்த இடம்தான் மனதில் தைக்கிறது. ஒருவர் மேல் ஒருவருக்கு வெறுப்பு வந்ததால் உறவு முறியவில்லை, உறவுக்கு வேலை இல்லாமல் போனதால் வெறுப்புக்கு இடம் கிடைத்தது.

இடம் கிடைத்ததும் துப்பாக்கி வந்தது. மாலியில் 2012இல் போர் தொடங்கியபின் அரசு அலுவலர்கள் ஊர்ப்புறத்தை விட்டு ஓடினார்கள். 2015இல் தலையெடுத்த மாசினா படை என்ற ஜிகாதி ஆயுதக் குழு, ஏழை மந்தைக்காரர்களின் மேய்ச்சல் கட்டணக் குறைகளைப் பேசியே ஆள் சேர்த்தது. அதற்கு எதிராக டோகோன் ஊர்களில் வேட்டைக்காரர் படைகள். 2019 மார்ச் 23 அன்று ஒகோசாகு என்ற ஃபுலானி ஊரில் குழந்தைகள் உட்பட 150க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நைஜீரியாவில் 2016 தொடக்கத்திலிருந்து 2018 அக்டோபர் வரை உழவர், மேய்ப்பர் மோதலில் குறைந்தது 3,641 பேர் இறந்ததாக ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு கணக்கெடுத்துச் சொன்னது. விதைக்கப் பயந்து நிலம் தரிசாகக் கிடக்கிறது, சந்தைக்குப் போகும் வழியில் உயிர் பயம், ஆகவே பசி. பசி வந்தால் அடுத்த வருஷம் இன்னும் ஆத்திரம்.

பசிக்கும் சண்டைக்கும் நடுவே ஒரு சந்தைக் கணக்கும் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் குதிர் காலி, கம்பு விலை உச்சியில் இருக்கும். மந்தைக்காரர் கம்பை வாங்கித்தான் சாப்பிட வேண்டும், அதற்கு மாட்டை விற்க வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் மாடு இளைத்துக் கிடக்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பார்கள், விலை விழும். நல்ல வருஷத்தில் ஓர் ஆட்டுக்கு மூட்டை நிறையக் கம்பு, கெட்ட வருஷத்தில் அதே ஆட்டுக்கு அதில் பாதி தேறினால் அதிகம். 2005இல் நைஜரில் வந்த உணவு நெருக்கடியில் மந்தைக்காரர்கள் இப்படித்தான் நொடித்துப் போனார்கள். இந்த நிலையில் இருக்கிறவரிடம் போய் இன்னும் பத்து நாள் பொறுத்துத் தெற்கே வா என்றால் எப்படிக் கேட்பார்? கையில் தானியம் இருப்பவரால்தான் நாள் பார்த்து வர முடியும். உணவுப் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லுக்கு அங்கே உள்ள பொருள், பத்து நாள் பொறுக்கும் சக்தி.

இனி நைஜருக்கு வருவோம். நம்பிக்கை தரும் கதை அங்கேதான் இருக்கிறது, அதையும் அதற்குரிய அளவோடுதான் சொல்ல வேண்டும்.

மராதி என்பது நைஜரின் தெற்கே நைஜீரியா எல்லையை ஒட்டிய பகுதி. 1980களின் தொடக்கத்தில் மரமே இல்லாத பொட்டல், காற்றடித்தால் முளைத்த பயிரை மணல் மூடும், ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை விதைக்க வேண்டும். டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண்மைக்காரர் அங்கே மரக்கன்று நட்டு நட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார், நட்டதில் பெரும்பாலானவை செத்தன. 1983இல் ஒரு நாள் மணல் வழியில் வண்டியின் டயரில் காற்றைக் குறைக்க இறங்கியபோது பக்கத்தில் இருந்த புதரைப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் அது புதர் இல்லை, வெட்டிப்போட்ட மரத்தின் கட்டையிலிருந்து துளிர்த்தது. நிலம் முழுக்க இப்படி உயிருள்ள வேர்கள் கிடந்தன, வருஷா வருஷம் விதைப்புக்கு முன் உழவர்கள் துளிரை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். நடவே வேண்டாம், வெட்டாமல் விட்டால் போதும். ஒரு கட்டையில் நாலைந்து நல்ல துளிரை விட்டு மீதியைக் கவாத்து செய்தால் சில வருஷத்தில் மரம்.

முதலில் கேலி செய்தார்கள். 1984 பஞ்சத்தில் வேலைக்கு உணவு கொடுத்தபோது ஏக்கருக்குச் சுமார் 16 மரத்தை விட்டுவைக்கச் சொன்னார்கள், பஞ்சம் முடிந்ததும் பலர் மறுபடி வெட்டினார்கள், சிலர் விட்டுவைத்தார்கள், அவர்கள் விளைச்சலைப் பார்த்துப் பக்கத்துக்காரர் தொடங்கினார். அப்புறம் அது யார் சொல்லியும் நிற்காமல் பரவியது. செயற்கைக்கோள் படங்களை வைத்து கிரே டாப்பன், கிறிஸ் ரெய் போன்ற ஆய்வாளர்கள் பார்த்தபோது மராதியிலும் அதை ஒட்டிய சிந்தர் பகுதியிலும் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியிருந்தது, ஏறக்குறைய 20 கோடி மரங்கள். வருஷத்துக்கு 5 லட்சம் டன் தானியம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது அவர்கள் மதிப்பீடு.

மரம் யாருடையது என்ற கேள்வியையும் சொல்லாமல் விட முடியாது. 1935இல் பிரெஞ்சு ஆட்சி கொண்டுவந்த வனச்சட்டத்தால் கொல்லையில் நிற்கும் மரத்துக்கும் அரசே சொந்தக்காரர். கிளை வெட்டினால் அபராதம். தனக்குச் சொந்தமில்லாத மரத்தை யார் காப்பாற்றுவார்கள்? 1980களின் நடுவில் அதிகாரிகள் அந்தச் சட்டத்தைக் கண்டும் காணாமல் விட ஆரம்பித்த பிறகுதான் மரம் பெருகியது.

இதில் அமைதி எங்கே வந்தது என்று கேட்கலாம். அங்கே நிறைய வளர்ந்தவற்றில் ஒன்று 'கவோ' என்ற மரம், நம் கருவேலத்துக்கு உறவுக்காரன். அதன் பழக்கம் விசித்திரமானது. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், கம்புக்கு நிழல் கட்டாது. எல்லாம் காய்ந்த கோடையில் பச்சையாகத் தழைத்து, நெற்று நெற்றாகக் காய்க்கும். நம் ஆடுகள் கருவேல நெற்றுக்கு எப்படி ஓடுமோ அப்படி மாடுகள் கவோ நெற்றுக்கு ஓடும். வேர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது, நிழலில் படுக்கும் மாடு சாணத்தைச் சேர்க்கிறது. நான் மேலே சொன்ன ஆபத்தான வாரங்களுக்கு முந்திய கடும் கோடையில், வேறு தீவனமே இல்லாதபோது, உழவர் கொல்லையில் மாட்டுக்குத் தீனி நிற்கிறது. கிளை, நெற்று, தட்டைப்பயற்றுக் கொடி என்று மந்தைக்காரர் வாங்குவதற்கும் உழவர் விற்பதற்கும் மறுபடி ஏதோ உண்டாகியது. பெண்கள் விறகுக்கு நடக்கும் நேரம் குறைந்தது, முன்பு நாளுக்கு இரண்டரை மணி நேரம் நடந்தவர்களுக்கு அரை மணி நேரம் போதுமானது என்று சிந்தரில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் மரம் மட்டும் இருந்தால் சண்டைக்கு அதுவே புதுக் காரணம். கோடையில் மந்தைக்காரர் கிளையை வெட்டி மாட்டுக்குப் போடுவார், உழவர் என் மரம் என்பார். அதனால் ஊர்க் குழுக்களில் உழவர், பெண்கள் ஆகியோரோடு அங்கே தங்கும் மந்தைக்காரர்களையும் உட்கார வைத்தார்கள். எதை வெட்டலாம், எவ்வளவு, யாரிடம் கேட்க வேண்டும் என்று பேசி முடிவெடுத்த இடங்களில் மோதல் குறைந்தது.

அரசும் சிலவற்றைச் சரியாகச் செய்தது. 1993இல் நைஜர் ஊரக நிலச் சட்டத்தின் அடிப்படைகளை வகுத்து, நிலக் குழுக்களுக்கு வழி வைத்தது. 2010இல் வந்த மேய்ச்சல் சட்டம், நகர்ந்து மேய்ப்பது மந்தைக்காரரின் அடிப்படை உரிமை என்றே எழுதியது. இந்த ஒரு வரியின் அருமையை, மேய்ப்பவரைக் கண்டாலே ஒரே இடத்தில் குடியமர்த்தத் துடிக்கும் மற்ற அரசுகளோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நைஜீரியாவின் பெனுவே மாநிலம் 2017இல் திறந்தவெளி மேய்ச்சலையே தடை செய்தது. உழவர்கள் பட்ட அடி உண்மையானது, அவர்கள் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் போக வேறு வழி காட்டாத தடை மந்தையை நிறுத்தவில்லை, அடுத்த ஆண்டு ரத்தம் இன்னும் அதிகமாகவே சிந்தியது.

இதை எழுதும்போது எனக்கு நினைவில் நிற்பவர் யாகூபா சவடோகோ. புர்கினா ஃபாசோவின் வடக்கே யாதெங்காவில், பாறைபோல் இறுகிய நிலத்தில் கோடையிலேயே குழி வெட்டி எருப் போட்டு வைக்கும் 'சாய்' என்ற பழைய முறையை மெருகேற்றி, ஒரு காட்டையே உருவாக்கிய உழவர். 2018இல் ரினாடோவுக்கும் அவருக்கும் அதே ஆண்டு 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. 2023 டிசம்பரில் அவர் இறந்தபோது அவருடைய நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதக் குழுக்களுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடியிருந்தார்கள், வடபகுதி அதில் மோசமாக அடிபட்ட ஒன்று. மண்ணைக் காப்பாற்றிய ஊரும் தப்பவில்லை. மராதியின் தெற்கு எல்லையிலும் நைஜீரியப் பக்கமிருந்து மாடு கடத்தும் கொள்ளையர் தொல்லை இருக்கிறது. மரமும் எருக்குழியும் துப்பாக்கியைத் தடுக்காது. பக்கத்து ஊரோடு இருக்கும் தகராறைப் படை சேர்ப்பவர் பயன்படுத்த முடியாத அளவுக்குச் சின்னதாக வைத்திருக்க அவை உதவும், அவ்வளவுதான் நான் துணிந்து சொல்வேன். அந்த அளவே பல உயிர்.

நைஜரில் வருஷா வருஷம் அறுப்பு முடிகிற நேரத்தில் ஒரு நாளை அறிவிப்பார்கள், வயல் திறக்கும் நாள். அதற்கு முன் மந்தை உள்ளே வந்தால் மந்தைக்காரர் நட்ட ஈடு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் கதிரை வயலில் விட்டுவைத்திருந்தால் அது உழவர் பொறுப்பு. மழை தாமதித்த ஆண்டில் நாள் தள்ளிப்போகும், அந்தத் தள்ளிப்போன நாட்களுக்கு வடக்கே மாடுகளுக்குத் தண்ணீரும் தீனியும் இருக்கிறதா என்று யாராவது பார்த்தாக வேண்டும். அறிவிப்பு வானொலியில் ஹவுசாவிலும் ஃபுலானி மொழியிலும் போக வேண்டும், அப்போதுதான் எல்லையில் காத்திருக்கும் மந்தைக்காரர் மாட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் கேட்பார்.